கண்ணிலார்க்குச் செய்யும் கைங்கர்யம்



பகவத் கீதை யாருக்குச் சொல்லப்பட்டது என்று கேட்டால் அர்ஜுனனுக்கு என்று சிறு பிள்ளையும் விடை சொல்லும். விடை சரியே. ஆயினும் கீதையின் முதல் சுலோகத்தில் பேசுகிறவன் அர்ஜுனனும் அல்லன், கண்ணனும் அல்லன். பிறவியிலேயே கண்ணொளி இல்லாத திருதராஷ்டிர மன்னன். போர்க்களத்தில் என்ன நடந்தது என்று அவன் வினவ, அருகிலிருந்த ஸஞ்ஜயன் சொல்லத் தொடங்குகிறான். 18 அத்தியாயங்களும் 700 சுலோகங்களும், பார்வையில்லாத ஒருவருக்கு மற்றொருவர் வாய்மொழியால் காட்டிய காட்சியாகவே உலகுக்குக் கிடைத்தன. பார்த்தனுக்குப் பார்த்தஸாரதி உரைத்ததும், அவன் காட்டிய விச்வரூபமும், ஸஞ்ஜயன் நாவின் வழியேதான் அந்த அரண்மனைக்குள் வந்தன.

அதற்கு முன் நடந்த ஒன்று பலருக்கு நினைவிருப்பதில்லை. போர் மூளும் முன்பு வியாஸ பகவான் திருதராஷ்டிரனிடம் வந்து, போரைக் காண விரும்பினால் கண்பார்வை அளிப்பதாகச் சொன்னார். உற்றார் மடிவதைக் கண்ணால் காண மனம் இல்லை, நடந்ததைக் கேட்டால் போதும் என்றான் மன்னன். அதன் பின்னரே ஸஞ்ஜயனுக்குத் திவ்ய திருஷ்டி அருளப்பட்டது. மகரிஷியே ஆனாலும், கண்ணில்லாதவனுக்குக் கண் கொடுப்பது நல்லதுதானே என்று அவர் தாமே தீர்மானித்துவிடவில்லை. முதலில் கேட்டார். அவன் வேண்டியதை, வேண்டிய வடிவில் தந்தார்.

ஸஞ்ஜயன் செய்த பணியும் எளிதன்று. 10-ஆம் நாள் பீஷ்மர் சாய்ந்த செய்தியோடு களத்திலிருந்து வந்து அவன் தன் உரையைத் தொடங்குகிறான். மன்னன் மனம் நோகும் என்று ஒன்றைக் குறைக்கவில்லை; மகிழ்வான் என்று ஒன்றைக் கூட்டவும் இல்லை. மைந்தனின் தவற்றையும், அதற்கு இடம் கொடுத்த தந்தையின் தவற்றையும் நேருக்கு நேர் சொன்னான். காந்தாரி கண்ணைக் கட்டிக்கொண்ட பதிவிரதா தர்மம் பெரிதாகப் பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதே. ஆனாலும் அந்த வீட்டில் ஒருவருக்கு இருந்த இருள் அதனால் இருவருக்கு ஆயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. திருதராஷ்டிரனுக்கு அன்றாடம் உதவியது அவள் கட்டிக்கொண்ட துணியன்று. ஸஞ்ஜயன் இரவல் கொடுத்த கண்.

பழனி மலைத்தொடரில், காப்பித் தோட்டங்களும் மலைவாழையும் சூழ்ந்த பண்ணைக்காட்டிற்கு உற்சவ காலத்தில் மலையேறி வரும் அடியார்கள், பெருமாளை ஸேவிக்க வேண்டும் என்றே வருகிறார்கள். கண்ணாரக் காண்பதே ஸேவை என்று பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது. அந்தக் கூட்டத்திலேயே காண இயலாதவரும் வருகிறார். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர். மலையூர்த் தெருவில் கைத்தடியோடு இறங்குபவரும், கோயில் வாசலில் மகளின் தோளைப் பற்றி நிற்கும் கிழவரும் அந்தக் கணக்கில் அடங்கியவர்களே. அவர்களுக்குச் செய்யத் தக்கது என்ன, அதை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதற்கு ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயத்திலேயே தெளிவான வழி இருக்கிறது. அதற்குக் கூரத்தாழ்வானின் சரிதத்தை நினைத்தல் வேண்டும்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வத்தில் பிறந்து, அதைத் துரும்பென விட்டு, எம்பெருமானார் திருவடியை அடைந்தவர் ஆழ்வான். சோழ மன்னனின் ஆட்கள் உடையவரைத் தேடி வந்தபோது, ஆசார்யரின் காஷாயத்தைத் தாம் உடுத்துக்கொண்டு அவருக்கு மாறாக அரசவைக்குச் சென்றார். தள்ளாத வயதில் பெரிய நம்பியும் உடன் சென்றார். மன்னன் விரும்பியபடி ஓலையில் கையெழுத்திட இசையாத இருவரும் அங்கே திருக்கண்களை இழந்தனர். உடையவரோ வெள்ளை உடுத்து மேல்நாட்டுக்கு எழுந்தருளித் திருநாராயணபுரத்தில் தங்கினார். கண்ணிழந்த இருவரையும் வழிநடத்தி வந்தவள் பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய். அரங்கம் சேருமுன்னரே, ஆழ்வானின் மடியில் தலை வைத்தபடி நம்பிகள் பரமபதித்தார்.

ஆழ்வான் மட்டும் திருவரங்கம் வந்து சேர்ந்தார். அங்கே ஒரு நாள் பெரிய பெருமாளை ஸேவிக்கச் சென்றபோது, ராமாநுஜ ஸம்பந்தம் உடையவர்களை உள்ளே விடலாகாது என்று கட்டளை இருப்பதாக ஒரு வாயில் காப்போன் தடுத்தான். மற்றொருவன் இரங்கி, இவர் யாருக்கும் தீங்கு எண்ணாதவர், எல்லார்க்கும் நல்லவர், இவரை விடலாம் என்றான். தடுத்தவனைக் கேட்டு ஆழ்வான் வருந்தவில்லை. விடலாம் என்றவன் சொல்லைக் கேட்டே திடுக்கிட்டார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். ஆசார்ய ஸம்பந்தத்தை விலக்கிவிட்டுத் தம் நற்குணத்துக்காகக் கிடைக்கும் ஸேவை தமக்கு வேண்டாம் என்று திரும்பிவிட்டார்.

இந்த நிகழ்ச்சியை ஆசார்ய பக்திக்கு எடுத்துக்காட்டாகவே உபந்யாஸங்களில் சொல்வது வழக்கம். இன்னொரு பொருளும் அதற்குள் இருக்கிறது. அவர் கண்ணிழந்தவர். வாயில் காப்போன் அளிக்க முன்வந்தது உதவி. இரக்கத்தோடு, நல்ல எண்ணத்தோடு வந்த உதவி. அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஆழ்வானுக்கு இருந்தது, அவர் சொன்னார், அங்கிருந்த எவரும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போகவில்லை.

பின்பு அவர் குடும்பத்தோடு மதுரைக்கு வடக்கே திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி, அழகர் ஸந்நிதியில் நெடுங்காலம் தங்கினார். ஸுந்தரபாஹு ஸ்தவம் அங்கே பிறந்தது. அழகனின் திருத்தோள்களையும் திருமேனியையும் அங்கம் அங்கமாக வருணிக்கும் அந்தத் துதியைப் பாடியபோது அவருக்குக் கண்ணில்லை. கண்ணில்லாதவருக்கு அழகு எதற்கு என்று கேட்பவர்கள் அந்த ஸ்தவத்தின் பக்கம் ஒரு முறை போய் வரலாம்.

மன்னன் மறைந்த பின் உடையவர் திரும்பி வந்து, ஸித்தாந்தத்துக்காகக் கண் கொடுத்த சிஷ்யரைத் தழுவிக் கண்ணீர் பெருக்கினார். அப்போது ஆழ்வான், எந்த ஸ்ரீவைஷ்ணவரின் திருமண்காப்பாவது கோணலாக இருக்கிறதே என்று எப்போதேனும் நினைத்திருப்பேன், அதன் பலன்தான் இது போலும் என்று விண்ணப்பித்ததாகப் பெரியோர் பணிப்பர். இவ்விடம் மிகவும் கவனிக்கத் தக்கது. கண்ணில்லாத ஒருவரைக் கண்டவுடன், முன்வினை என்று பெருமூச்சு விடுவது ஊர் வழக்கம். அதற்கு ஆதாரமாக இந்த வார்த்தையையே எடுத்துக் காட்டுவாரும் உண்டு. ஆழ்வான் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டது நைச்யம். அதே வார்த்தையை வேறொருவர் ஆழ்வானைப் பார்த்துச் சொன்னால் அது பாகவத அபசாரம். உடையவரே அதைச் சொல்லவில்லை, அவர் அழுதார். அப்படியிருக்க, வழியில் எதிர்ப்படும் பார்வையற்றவரின் காதில் விழுமாறு வினைப்பயனைப் பேசுவதற்கு யாருக்கு அதிகாரம் உண்டு?

வினையைப் பேசாமல் விட்டாலும், கைங்கர்யம் என்ற பெயரில் தவறு செய்வதற்கு இடம் உண்டு. பஞ்சவடியில், நல்லதோர் இடம் பார்த்துப் பர்ணசாலை அமைக்கும்படி இராமபிரான் இளையபெருமாளிடம் சொன்னார். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தம் தலையில் விழுந்ததைக் கேட்டு லக்ஷ்மணன் மனம் கலங்கினான். அடியேன் பரதந்த்ரன், இந்த இடத்தில் கட்டு என்று தேவரீரே சொல்ல வேண்டும் என்று கைகூப்பி நின்றான். பிறகு பெருமாள் இடம் காட்டினார், இளையவன் கட்டினான். தன் விருப்பத்துக்குச் செய்வது கைங்கர்யம் ஆகாது, எவருக்குச் செய்கிறோமோ அவர் திருவுள்ளம் அறிந்து செய்வதே கைங்கர்யம் என்று வியாக்யான கர்த்தாக்கள் இதைக் கொண்டாடுவர். எம்பெருமான் விஷயத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இந்த நியாயம், எம்பெருமானின் அடியார் ஒருவர் கண்ணில்லாமல் எதிரே நிற்கும்போது மறந்துபோகிறது.

மறந்துபோவதற்குச் சான்று ஊர்தோறும் உண்டு. சாலை ஓரத்தில் பேருந்துக்காக நிற்பவரை, அவர் சாலையைக் கடக்கத்தான் நிற்கிறார் என்று எண்ணிக் கையைப் பிடித்து அக்கரையில் கொண்டுவிட்டு, புண்ணியம் சேர்ந்தது என்று போய்விடுகிறவர் இருக்கிறார். பேருந்து போய்விடுகிறது, அவர் மறுபடி இக்கரைக்கு வர வேறொருவரைத் தேட வேண்டும். வேலைக்குப் போய் வரும் ஆசிரியர் ஒருவர் சற்றே ஓய்வாக நின்றால் அவர் உள்ளங்கையில் காசு வைப்பாரும் உண்டு. காப்பி விளையும் ஊரில் விருந்தினராக வந்தவரை விட்டுவிட்டு, உடன் வந்தவரிடம், இவர் காப்பி குடிப்பாரா, சர்க்கரை போடலாமா என்று கேட்பதும் அவ்வகையே. கண்தான் இல்லை, காதும் நாவும் அவருக்கு உண்டு.

ஆகவே முதலில் செய்யத் தக்கது, பேர் சொல்லிப் பேசுவது. இன்னார் வந்திருக்கிறேன், உதவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் ஆழ்வானை நினைத்து விலகிவிட வேண்டும். வேண்டும் என்றால் எப்படி என்பதையும் அவரே சொல்வார். வழிநடத்தும் முறை எளியது. அவர் கையைப் பற்றி இழுக்கலாகாது. தம் முழங்கையை அவர் கையில் படுமாறு நீட்டினால், முழங்கைக்குச் சற்று மேலே அவர் பற்றிக்கொள்வார். வழிகாட்டுபவர் அரை அடி முன்னால் நடக்க வேண்டும். உடம்பு ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் அந்தக் கையின் வழியே அவருக்குத் தெரிந்துவிடும். வனவாசத்துக்குப் புறப்படும்போது பிராட்டி, முள்ளையும் புல்லையும் மிதித்துக்கொண்டு முன்னே நடப்பேன் என்று பெருமாளிடம் சொன்னாள் அன்றோ? அதுவே இங்கும் முறை. பின்னால் நின்று முதுகைத் தள்ளுவது எவர்க்கும் அச்சம் தரும்.

படி வந்தால் ஏறுபடியா, இறங்குபடியா என்று சொல்லி ஒரு கணம் நின்று அடியெடுத்து வைக்க வேண்டும். ஒற்றையடிப் பாதை குறுகினால் கையைப் பின்னுக்குக் கொண்டுபோனால் அவர் நேர் பின்னால் வந்துவிடுவார். மலையூரில் இந்த இரண்டும் அடிக்கு அடி வரும். உட்கார வைக்கும்போது நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்தால் போதும். தோளை அழுத்தி உட்கார்த்த வேண்டியதில்லை. வெண்கோலை அவர் கையிலிருந்து வாங்கிச் சுமக்க முற்படலாகாது. அது அவருக்குச் சுமையன்று, தரையைக் காட்டும் கண். விட்டுப் பிரியும்போது, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் நகர்ந்துவிட்டால், வெறும் காற்றோடு அவர் பேசிக்கொண்டு நிற்க நேரும். சிறிய விஷயம்தான், ஆனால் அந்த அவமானம் சிறியதன்று.

இனி எழுத்துக் கைங்கர்யம். ஸ்ரீபாஷ்யம் எழுதப்பட்ட வரலாற்றில் உடையவர் சொல்ல, ஆழ்வான் எழுதினார். சொன்ன பொருள் தமக்கு உடன்பாடில்லை என்றால் எழுதாமல் கையை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசார்யர் இட்ட நியமனம். ஓரிடத்தில் ஆழ்வான் அப்படியே நிறுத்தினார், அதனால் கோபத்துக்கும் ஆளானார், பின்பு அவர் கருத்தே ஏற்கப்பட்டது. அன்று பிறர் சொல்ல எழுதிய அதே ஆழ்வான், பிற்காலத்தில் ஸ்தவங்களைச் சொல்ல, பிறர் கை எழுதியிருக்க வேண்டும்.

இன்று தேர்வுக் கூடங்களில் பார்வையற்ற மாணவர் சொல்ல, மற்றொருவர் விடைத்தாளில் எழுதுகிறார். சொல்வதை எழுதுபவர் என்றே அவருக்குப் பெயர். ஆழ்வானுக்கு இருந்த அனுமதி இவருக்கு இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும். மாணவர் தவறாகச் சொன்னாலும் தவறாகவே எழுத வேண்டும். திருத்தி எழுதினால் தேர்வு அவருடையதாக இராது. கேள்வித்தாளை நிதானமாகப் படித்துக் காட்டுவது, சொன்னதைச் சொன்னபடி எழுதுவது, கேட்டால் திரும்பப் படித்துக் காட்டுவது, இவ்வளவே பணி. 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், இவ்வாறு எழுதுவோர்க்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தரப்பட வேண்டும் என்று வகுத்தன. எழுதுபவரின் கல்வித் தகுதி தேர்வாளரின் தகுதியை விடக் குறைந்திருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளும் உண்டு. அவை தேர்வுக்குத் தேர்வு மாறுவதால் முன்னதாகக் கேட்டறிந்து செல்வது நலம். வருவதாக ஒப்புக்கொண்டு தேர்வன்று வராமல் இருந்துவிடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஓராண்டுப் படிப்பு வாசலில் நின்றுவிடும்.

தேர்வுக்கு முன் படிப்பு வேண்டும். பாடநூலைப் படித்துக் காட்டுவோர், குரலில் பதிவு செய்து கொடுப்போர் எந்நாளும் தேவைப்படுகிறார்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பின், அச்சு நூலை மாற்றுத் திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் ஆக்குவதற்குச் சட்டமே இடம் தருகிறது. 2016-ல் தொடங்கிய ஸுகம்ய புஸ்தகாலயம் என்ற இணைய நூலகம் அவ்வகை நூல்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறது. பிரெய்லியும் இருக்கிறது. 3-ஆம் வயதில் தந்தையின் பட்டறை ஊசியால் கண்ணில் காயம்பட்டுப் பார்வை இழந்த லூயி பிரெய்லி என்ற பிரெஞ்சுச் சிறுவன், வளர்ந்து 1829-ல் வெளியிட்ட ஆறு புள்ளி எழுத்து அது. 1951-ல் பாரத மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்லி வகுக்கப்பட்டது. தமிழும் அதில் அடங்கும்.

பிறந்த நாளிலும் திதியிலும் பார்வையற்றோர் பள்ளிக்குச் சென்று சோறிடுவோர் பலர். அன்னதானத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அதே பள்ளிக்கு வாரம் ஒரு மணி நேரம் சென்று வரலாற்றுப் பாடத்தை வாசித்துக் காட்டுபவர் சிலரே. இலையில் வடையும் பாயசமும் நிறைந்த நாளில் அந்தப் பிள்ளையின் பையில் படிக்கப்படாத புத்தகம் இருக்கிறது. எது வேண்டும் என்று அந்தப் பள்ளியைக் கேட்டுவிட்டுப் போவதில் யாதொரு நஷ்டமும் இல்லை.

இத்தகைய பணியில் பிறர் முந்திக்கொண்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியை 1890-ல் தொடங்கியவர் ஆஸ்க்வித் என்ற கிறிஸ்தவ ஊழியப் பெண்மணி. மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985-ல் நிறுவிய ஜின்னா, தாமே பார்வையிழந்தவர். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி நடைபெறுகிறது. நம்பிகளின் திருநக்ஷத்திரத்துக்குச் செல்வோர், காஞ்சி வரதனுக்கு அவர் வீசிய ஆலவட்டத்தை நினைக்கும்போது அந்தப் பள்ளியையும் நினைக்கலாம்.

பார்வையின்மை எல்லாம் தீராதது என்று எண்ணுவதும் பிழை. 2015 முதல் 2019 வரை நாடு தழுவி நடந்த ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்புக்கு நூற்றுக்கு 66 பங்கு காரணம் கண்புரை என்று தெரியவந்தது. கண்புரையோ ஒரு சிறிய அறுவையால் தீர்வது. புரையேறிய கண்ணுக்குக் காப்பிச் செடியில் பழுத்த சிவப்பும் பழுக்காத பச்சையும் ஒன்றாய்த் தோன்றும்; பறிக்கப் போனவர் வீட்டோடு அமர்ந்துவிடுவார்; வயதாயிற்று, இனி இப்படித்தான் என்று வீட்டாரும் இருந்துவிடுவர்.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் இருந்தபோதே கண் சிகிச்சை முகாம்களையும், 1966-ல் பார்வையற்றோர் மறுவாழ்வு மையத்தையும் ஏற்படுத்தினார். இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976-ல் ஓய்வு பெற்ற பின், 58-ஆம் வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் தருவோரிடம் பெற்று, இல்லாதோர்க்கு இலவசமாகச் செய்வது அதன் முறை. 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸைத் தாங்களே செய்யத் தொடங்கியதால் விலை பெரிதும் இறங்கியது. 2006-ல் அவர் மறைந்தார், முகாம்கள் நின்றுவிடவில்லை. ஊர்ச் சங்கங்கள் இடமும் விளம்பரமும் பார்த்துக்கொள்ள, மருத்துவர்கள் வந்து சோதித்து, அறுவை வேண்டியவர்களை வாகனத்தில் அழைத்துச் சென்று, செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

மருத்துவம் இலவசம் என்றால் எல்லோரும் வந்துவிடுவர் என்று நினைப்பது இயல்பு. வருவதில்லை. பண்ணைக்காட்டுப் பக்கத்துச் சரிவு ஒன்றில், சாலைக்கு மேலே இருக்கும் வீட்டிலிருந்து ஒரு மூதாட்டி இறங்கி, மலைச்சாலை வழியே வத்தலக்குண்டு கடந்து மதுரை போய்ச் சேர வேண்டும். யார் உடன் போவது? அன்றைய கூலி யாருக்குப் போகும்? கண்ணில் கத்தி வைத்தால் இருப்பதும் போய்விடுமோ என்ற பயத்துக்கு யார் பதில் சொல்வது? மருத்துவர் செய்ய முடியாத கைங்கர்யம் இங்கேதான் இருக்கிறது. வீடு வீடாகச் சென்று புரையேறிய கண்களைத் தேடுவது, ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர் ஒருவரை அழைத்துப் போய்ப் பேச வைப்பது, உடன் போய் உடன் வருவது, திரும்பிய பின் சில வாரங்கள் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுவது. இதற்குப் படிப்பு வேண்டா. கால் வலுவும் பொறுமையும் போதும்.

கண் தானத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையில் 1945-ல் டாக்டர் முத்தையா தொடங்கியதே இந்நாட்டின் முதல் கண் வங்கி. கருவிழி பழுதாகிப் பார்வை இழந்தவர்க்கே இது பயன்படும்; நரம்பு கெட்டவர்க்குப் பயன்படாது. கண்ணாடி அணிந்தவரும், புரை அறுவை செய்துகொண்டவரும், முதியவரும் தரலாம். சில தொற்று நோய்களால் இறந்தவரிடமிருந்து பெறுவதில்லை. உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை வீட்டார் செய்ய வேண்டியது, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைப்பது. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க வேண்டியவர் வீட்டார் ஆதலின், அவர்களிடம் முன்னமே சொல்லி வைக்க வேண்டும்.

கண்ணைக் கொடுத்துவிட்டால் அடுத்த பிறவியில் கண்ணில்லாமல் பிறக்க நேருமோ என்று சிலர் அஞ்சுவர். உடல் என்பது ஆத்மா களைந்துவிடும் பழைய ஆடை என்று கீதாசார்யனே சொல்லியிருக்கிறான். மேலும், சரணாகதி செய்தவர்க்கு இதுவே கடைசிப் பிறவி என்று நித்யம் அநுஸந்தித்துக்கொண்டே, அடுத்த பிறவியின் கண்ணுக்குக் கவலைப்படுவது என்ன நியாயமோ தெரியவில்லை. உடையவர் ஆணைப்படி ஆழ்வான் காஞ்சி வரதனிடம் கண் வேண்டப் போனார். ஸ்தவம் சொல்லி முடித்து, பெருமாள் உகந்து வேண்டியதைக் கேள் என்றபோது, தம்மை அரசனிடம் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். தமக்கென்று வேண்டியபோதும் பெருமாளையும் ஆசார்யரையும் காணும் அளவுக்கே பார்வை வேண்டினார் என்பர்.

இவை ஊர் திரும்பிய பின் செய்பவை. உற்சவத்தின்போதே செய்யத் தக்கவையும் உண்டு. உள்ளூரில் பார்வையற்றவர் ஒருவர் தம் வீட்டிலிருந்து கோயிலுக்கு எத்தனை அடி, எங்கே திருப்பம், எங்கே சாக்கடை என்று காலால் அறிந்து வைத்திருக்கிறார். திருவிழா வந்ததும் அந்த வழியில் பந்தல் கால் முளைக்கிறது, கயிறு குறுக்கே ஓடுகிறது, கடை போடுகிறார்கள். ஊரெல்லாம் மகிழ்ந்திருக்கும் நாட்களில் அவர் மட்டும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் போகிறது. பந்தல் போடுவோர் ஒரு ஓரத்தை விட்டுக் கட்டலாம். தலைக்குமேல் கட்டும் கயிற்றைக் கழுத்தளவில் தாழ விடாதிருக்கலாம். கால் நட்ட இடங்களை அவரை அழைத்துச் சென்று ஒரு முறை தொட்டுக் காட்டலாம்.

ததீயாராதனத்தில் இலை போட்டவுடன், உப்பும் ஊறுகாயும் இடது மேல் மூலையில், பொரியல் வலப்புறம், சாதம் நடுவில், சாற்றமுது இப்போது ஊற்றுகிறோம், சூடாக இருக்கிறது என்று பரிமாறுபவர் சொல்லிவிட்டால் அவர் தாமே அமுது செய்வார். ஊட்டிவிட வேண்டா. தண்ணீர்க் குவளையை வைத்த இடத்தைச் சொல்லி, பின்பு அதை நகர்த்தாமல் இருந்தால் போதும்.

ஸந்நிதியில் துளசியின் மணமும், தீர்த்தத்தின் குளிர்ச்சியும், சடாரியின் ஸ்பர்சமும் எல்லோரையும் போல அவருக்கும் கிடைக்கின்றன. திரை விலகியவுடன் கூட்டம் ஏன் கோவிந்தா என்று முழங்குகிறது என்பதுதான் தெரியாது. அருகில் நிற்பவர் அப்போது ஸஞ்ஜயன் ஆகலாம். இன்று என்ன வாகனம், பட்டு என்ன நிறம், மாலை மல்லிகையா துளசியா, அபயஹஸ்தத்தில் என்ன சாற்றியிருக்கிறது, தாயார் எந்தப் பக்கம் எழுந்தருளியிருக்கிறாள், தீபம் இப்போது திருமுகத்தருகே போகிறது என்று மெல்லிய குரலில் சொல்லலாம். அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது. எது எங்கே எப்படி என்று சொல்ல வேண்டும். சொல்லப் புகுந்த பிறகே, கண்ணிருந்தும் இத்தனை நாள் கவனிக்காதவை எத்தனை என்று சொல்பவருக்கும் தெரியவரும். திருவீதிப் புறப்பாட்டில் இவ்வாறு சொல்லிக்கொண்டு வரும்போது, பெருமாள் இன்னும் மூலை திரும்பவில்லையே என்று எட்டிப் பார்க்கும் ஸஞ்ஜயனிடம், நாதஸ்வர ஒலி சுவரில் மாறி வருவதைக் கேட்டு, இதோ திரும்பிவிட்டார் என்று அவரே முந்திச் சொல்லிக் கைகூப்புவதும் உண்டு.